பத்தாம் நாள் பாடம்

என் வேலை மெஷினாக நிற்பது. யாராவது "என்ன சோலி பாக்கீய?" என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிரித்துவிட்டு, குடித்திருக்கிறேனா என்று மூக்கைப் பக்கத்தில் கொண்டுவருவார்கள்.

தூத்துக்குடியில் ஒரு பயிற்சி மையம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப்போகிற ஆசிரியர்களுக்கு அங்கே பத்து நாள் பயிற்சி. பயிற்சி கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் எமரன்சி டீச்சர். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. முழங்கால் தேய்ந்துவிட்டது, குரல் தேயவில்லை. இன்னொருவர் குற்றாலிங்கம் சார். வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் முப்பது வருஷம் நான் உப்பளத்தில் உப்பு சுமந்தவன். தோள்பட்டை இறங்கிப்போய் இனி முடியாது என்று ஆனபோது, மையத்தில் கூட்டிப் பெருக்க ஆள் கேட்டார்கள். சேர்ந்த முதல் வாரமே டீச்சர் என்னைக் கூப்பிட்டு வகுப்பு நடுவில் நிறுத்தினார்.

"மந்திரம், இவங்க என்ன எழுதிக் குடுத்தாலும் அத மட்டும் செய்யணும். நீங்களா எதுவும் யோசிக்கக் கூடாது. முடியுமா?"

"முப்பது வருஷமா அதத்தான டீச்சர் செஞ்சேன்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

முதல் பாடம் டீ போடுவது. ஆசிரியர்கள் ஒவ்வொரு வரியாக எழுத, டீச்சர் வாசிக்க, நான் செய்வேன். "சர்க்கரை போடு" என்று எழுதியிருந்தால் டப்பாவோடு கவிழ்ப்பேன். எத்தனை கரண்டி என்று அவர்கள் எழுதவில்லை அல்லவா. "தண்ணீர் ஊற்று" என்றால் தம்ளர் நிறைந்தும் ஊற்றிக்கொண்டே இருப்பேன். மேஜையெல்லாம் வழிந்து, ஆசிரியர்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு "நில்! நில்!" என்று கத்துவார்கள். மெஷினுக்குச் சொல்லாதது தெரியாது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட நனைந்து படிப்பது நல்லது என்பார் டீச்சர்.

அவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாடத்தையும் முழுதாகக் கொடுக்க மாட்டார்கள். வேண்டுமென்றே ஒரு வரியை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பெரும்பாலும் நிறுத்துகிற வரி. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது ஆசிரியர்கள் பாடு. யாராவது கண்டுபிடித்தால் டீச்சர் கைதட்டி, ஒரே மாதிரிச் சொல்வார்: "நல்லது. கண்டுபிடிச்சிட்டீங்க. இப்ப சரி பண்ணுறது யாரு?"

ஒன்பது நாள் இப்படி. பத்தாம் நாள் வேறு. அன்று எழுத்தில் ஒரு பிழையும் இருக்காது. டீச்சர் என் காதில் மட்டும், "இன்னைக்குத் தப்பு உங்க பொறுப்பு மந்திரம்" என்பார். நான் ஒன்றைக் கெடுத்துவிடுவேன். ஆசிரியர்கள் தாளைப் புரட்டு புரட்டென்று புரட்டுவார்கள். டீச்சர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "இன்னும் கண்டுபிடிக்கலையா? எல்லாரும் எழுத்தையே பாக்கீங்க" என்பார். மத்தியானத்துக்குள் யாராவது ஒருவருக்குப் பொறிதட்டும். "டீச்சர், எழுத்து சரிதான். அண்ணாச்சிதான் சரியில்ல!"

அதுதான் கடைசிப் பாடம். எழுத்தையே குறை சொல்லாதே, ஓடுகிற மெஷினையும் பார்.

நான் எழுத்துப் படித்ததும் அந்த வகுப்பில் நின்றுதான். "மெஷினுக்கும் வாசிக்கத் தெரியணும்லா" என்று டீச்சர் சாயங்காலம் அரைமணி நேரம் உட்காரவைத்தார். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நான் முதலில் கூட்டி வாசித்த சொல் 'நில்'.

பிறகு ஏவுசட்டை வந்தது. ஏதோ கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்தார்கள். பனியன் மாதிரி இறுக்கமாக இருக்கும், உள்ளே பட்டை பட்டையாக ஒயர். புரோகிராமை எழுதி அனுப்பினால் சட்டை தசையைச் சுண்டும், கை கால் தானாக நடக்கும். இனி நான் மெஷினாக நடிக்க வேண்டாம். உள்ளே யாரோ உட்கார்ந்து என் கையைப் பிடித்து எழுதுவது போல இருக்கும். நெஞ்சுமட்டும் என்னுடையது, மற்றதெல்லாம் அவர்களுடையது. பத்தாம் நாள் தப்புக்கு டீச்சர் யாருக்கும் தெரியாமல் இடது கைப் பட்டையைத் தளர்த்திவிடுவார்.

சட்டையை நிறுத்த இரண்டே வழி. புரோகிராமில் நிறுத்துகிற வரி இருக்க வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு மனிதக் குரல் 'நில்' என்று கத்த வேண்டும். ஆரம்பத்தில் என் குரலுக்கும் அது நின்றது. அங்கேதான் தொந்தரவு. சுடுதண்ணீர் கையில் பட்டதும் நான் என்னை அறியாமல் 'நில்' என்று கத்திவிடுவேன். ஆசிரியர்கள் பிழையைக் கண்டுபிடிப்பதற்குள் பாடம் முடிந்துபோகும்.

"வேய் மந்திரம், எந்த மெஷின்வே சுடுதுன்னு கத்திச்சு?" என்றார் குற்றாலிங்கம் சார்.

டீச்சர் கம்பெனி ஆளைக் கேட்டார். அவன் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். அதற்குள் மூன்று முறை 'நில்' என்று சொல்லச் சொன்னான். சொன்னேன். அன்றோடு என் குரல் எந்த ஏவுசட்டைக்கும் செல்லாது என்று ஆனது. டீச்சர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார், "சம்மதம்தான மந்திரம்?" என்று. பாடம் நன்றாக நடக்கட்டும் என்று தலையை ஆட்டினேன்.

இரண்டு வருஷத்தில் ஏவுசட்டை உப்பளத்துக்கு வந்துவிட்டது. என் மனைவி இசக்கி வேலை செய்யும் அளத்தில் எல்லாப் பெண்களுக்கும் மாட்டினார்கள். போடும்போதே பெட்டிக்குள் மூன்று முறை 'நில்'. "போட்டவ கொரலுக்கு நின்னா, மணிக்கு நூறு தடவ நிக்கும். வேல நடக்குமா?" என்றான் கங்காணி தங்கப்பழம். வேலை முடியுமட்டும் கழன்றுவிடாமல் முதுகில் ஒரு பூட்டு, சாவி அவன் இடுப்பில்.

புரோகிராம் எழுதுவது மனிதர் இல்லை. கம்பெனியின் மூளை ஒன்று எழுதும். அதற்குப் படிப்பிக்க, எங்கள் மையத்தின் இருபத்திரண்டு வருஷத்து வகுப்பு வீடியோ முழுவதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். எமரன்சி டீச்சருக்கு மேடையில் சால்வை போட்டார்கள். "மெஷினுக்கே டீச்சர் ஆயிட்டீங்க" என்று குற்றாலிங்கம் சார் கேலி செய்தார். டீச்சருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இசக்கி சாயங்காலம் வந்து கதை சொல்வாள். "இன்னைக்கும் சட்டைக்குக் கிறுக்குப் புடிச்சிட்டு. தண்ணி குடிக்கவே விடல. தங்கப்பழம் பாத்துக் கத்துனான், நின்னுச்சு." மறுநாள், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வரப்பில் முட்டி முட்டிக் கெண்டைக்கால் கிழிந்து வந்தாள். "நேத்து தண்ணி, இன்னைக்குத் திருப்பம். தெனம் ஒண்ணு மறந்திருது அதுக்கு. ஒம்ம மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். தினம் ஒன்று என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை தங்கப்பழத்தின் தங்கை கல்யாணம். அளத்துப் பெண்கள் எல்லாரும் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். இசக்கி மட்டும் விடியற்காலை வேலைக்குக் கிளம்பினாள்.

"ஏளா, நீ போகலையா?"

"எனக்குப் பத்திரிகை வைக்கல. வைக்காத வீட்டுக்கு நான் எதுக்குப் போறேன்? சட்டைய மாட்டி விட்டுட்டு அவன் கல்யாணத்துக்குப் போறான். பதினோரு மணிக்கு அதுவா நின்னுரும். நீரு சோத்த மட்டும் வடிச்சு வச்சிரும்."

சோற்றை வடித்துவைத்துவிட்டு மையத்துக்கு வந்தேன். அப்போது வந்திருந்த ஆசிரியர் குழுவுக்கு அன்று நான்காம் நாள். டீச்சர் பலகையில் ஒரு புரோகிராமைப் போட்டார். "இது நெசமான புரோகிராம். இன்னைக்கு ஒரு அளத்துல ஓடுறது. கம்பெனி நமக்கு அனுப்பியிருக்கு. வாசிங்க."

மணி பன்னிரண்டு இருக்கும். ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்த ஒரு ஆசிரியை கையைத் தூக்கினார். "டீச்சர், கண்டுபிடிச்சிட்டேன். நிறுத்துற வரி இல்ல."

முப்பது பேரும் கைதட்டினார்கள். டீச்சரும் பழக்கத்தில் கையைத் தூக்கினார். தட்டவில்லை.

"இதுல நான் ஒண்ணும் எடுக்கலையே" என்றார். குற்றாலிங்கம் சாரைப் பார்த்தார். "நீங்க எடுத்தீங்களா சார்?"

"வந்தத அப்படியே போட்டேன்."

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. பலகையின் மேல் வரியில் அளத்தின் பெயர் இருந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதற்குக் கீழே 'ஆள்: 1' என்று இருந்தது.

"டீச்சர், அது எங்க வீட்டு ஆளு" என்றேன்.

இசக்கிக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு அடுத்த வீட்டில் கேட்டேன். இன்னும் வரவில்லை, சோற்றுப்பானை மூடினபடி இருக்கிறது என்றார்கள். தங்கப்பழம் போனை எடுக்கவில்லை. கல்யாண வீட்டு மேளத்தில் என்ன கேட்கும்?

டீச்சர், கம்பெனி அனுப்பியிருந்த முந்தின நாட்களின் புரோகிராம்களை வரிசையாகத் திறந்தார். செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடிக்கும் வரி இல்லை. புதன்கிழமை திரும்பும் வரி இல்லை. வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றிலும் ஒன்று. ஒன்றே ஒன்று.

"என்ன டீச்சர் இது? கெட்டுப்போச்சா?" என்றார் குற்றாலிங்கம் சார். அவர் குரலில் கிண்டல் இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கெடல சார். படிச்சதச் செய்யுது. இருபத்திரண்டு வருஷத்துல நாம ஒரு பாடத்தயாவது முழுசாக் குடுத்திருக்கோமா? நல்ல பாடம்னா அதுல ஒரு வரி இருக்காதுன்னு அது நம்மகிட்ட படிச்சிருக்கு."

"கண்டுபிடிக்க ஆளு வேணும்லா?"

"இங்க முப்பது பேரு இருக்காங்க. பாத்தியில யாரு இருக்கா?"

குற்றாலிங்கம் சார் கம்பெனிக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தார். மனிதர் எடுக்கவில்லை. அந்த மூளைதான் பேசியது. விஷயத்தைச் சொன்னார். பிறகு, எமரன்சி டீச்சரின் அதே இழுப்போடு, அதே மகிழ்ச்சியோடு அது சொன்னது: "நல்லது. கண்டுபிடிச்சிட்டீங்க. இப்ப சரி பண்ணுறது யாரு?"

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சார், "நிறுத்து, நிறுத்து" என்று போனுக்குள் கத்தினார். அது மறுபடியும் அதையேதான் கேட்டது. இங்கிருந்து கத்தினால் செல்லாது. நேரில் ஒரு குரல் வேண்டும்.

டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "சார், நீங்க ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. மந்திரம், ஏறுங்க."

மத்தியான உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில். கண்ணைத் திறக்க முடியாது. அந்த வெள்ளைக்குள் தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி போய்ப்போய் வந்தது. வரப்பில் ஸ்கூட்டர் ஏறாது. நான் இறங்கி ஓடினேன். டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பாத்தியில் உப்பே இல்லை. எல்லாவற்றையும் வாரிக் கரையேற்றிவிட்டு, அடிக் களிமண்ணை வாரிக்கொண்டிருந்தாள். உப்பு வாரும் பலகையை வீசுகிறாள், இழுக்கிறாள், நாலடி பின்னால் போகிறாள், மறுபடி வீசுகிறாள். விடியற்காலை எப்படி வீசியிருப்பாளோ அதே அளவு. சோர்வு கையில் இல்லை, முகத்தில் இருந்தது. தலை ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. காலடி போன இடமெல்லாம் களிமண் சிவந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனபிறகுதான் தெரிந்தது, சத்தம் வராமல் 'நில்' 'நில்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"நில்!" என்று கத்தினேன்.

பலகை வீசியது, இழுத்தது.

"நில்! நில்! நில்!"

அவள் கண் என்னைப் பார்த்தது. கை என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்தச் சின்னப் பெட்டி ஞாபகம் வந்தது. நான் மூன்று முறை சொல்லி என் குரலை ஒப்படைத்த பெட்டி.

குறுக்கே பாய்ந்து கட்டிப்பிடித்தேன். சட்டை என்னை உப்பு என்று நினைத்திருக்க வேண்டும். எடை கூடிவிட்டது என்று இன்னும் பலமாக இழுத்தது. அவள் தோளில் ஏதோ இடம் மாறுகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. பயந்து விட்டுவிட்டேன். முதுகுப் பூட்டை நகத்தால் பிறாண்டினேன். சாவி கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது.

"டீச்சர்!" என்று அலறினேன்.

எமரன்சி டீச்சர் வரப்பில் பாதி தூரம்தான் வந்திருந்தார். விழுந்து எழுந்ததில் சேலையெல்லாம் சேறு. அங்கிருந்தே, முப்பது பேர் வகுப்பின் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிற அந்தக் குரலில் கத்தினார்.

"நில்!"

பலகை அந்தரத்தில் நின்றது. இசக்கி, கொடியிலிருந்து நழுவின துணி மாதிரி மடிந்து விழுந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரி. தூக்கத்தில் வலது கை வீசி இழுக்கும். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகு டீச்சர் எந்தப் பாடத்திலும் வரியை எடுக்கவில்லை. கம்பெனியோடு மல்லுக்கட்டினார். மூளை படித்ததிலிருந்து அந்தப் பழக்கத்தை மட்டும் பிடுங்கி எறியச் சொன்னார். அப்படி ஒன்றைமட்டும் பிடுங்க முடியாது என்றார்கள். கடைசியில் ஒரு ஏற்பாடு வந்தது. காலையில் புரோகிராம் முதலில் வேலைக்காரர் வீட்டுப் போனுக்கு வரும். வாசிக்கத் தெரிந்தவர் வாசித்து, விடுபட்ட வரியைச் சொன்னால் சேர்த்துக்கொள்ளும். பிறகுதான் ஆறு மணிக்கு ஓடும். போட்டவர் குரல் செல்லாது என்ற விதி மட்டும் மாறவில்லை. அதைக் கேட்டபோது கம்பெனி ஆள் காது கேட்காதவன் மாதிரி இருந்தான்.

இசக்கி மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது நான் குறுக்கே நின்றேன்.

"வேற என்ன வேல தெரியும் எனக்கு?" என்றாள். "சட்டை இல்லாத அளம் எங்க இருக்கு, சொல்லும், போறேன். நீரு மெஷினா நின்னீரு, நானும் நிக்கேன். நீருதான் வாசிக்கீருல்லா, அப்புறம் என்ன?"

முதல் நாள் தண்ணீர் வரி இல்லை. கண்டுபிடித்துச் சொன்னேன். "நல்லது. கண்டுபிடிச்சிட்டீங்க" என்றது போன். இரண்டாம் நாள் நிழலில் உட்காரும் வரி. மூன்றாம் நாள் நிறுத்தும் வரி. ஐந்தாம் நாள் கண்டுபிடிக்க மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது, வேர்வையில் என் பனியன் நனைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. ஒன்பது நாளும் கண்டுபிடித்தேன். கூட்டி வாசிக்கிறவனுக்கு ஒரு நன்மை உண்டு, எதையும் தாண்டிப் போக முடியாது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் இசக்கி சிரித்துக்கொண்டே வந்தாள். "தங்கப்பழத்துக்கும் சட்டை குடுத்துட்டாவ தெரியுமா? உப்பு அம்பாரத்துல மூட்டை அடுக்குதான். இனியாவது தொப்பை எறங்கும்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இன்று காலை ஐந்து மணிக்குக் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. ஐந்தரைக்குப் புரோகிராம் வந்தது. வாசித்தேன். தண்ணீர் இருந்தது. நிழல் இருந்தது. திருப்பம் இருந்தது. பதினோரு மணிக்கு நில் என்று தெளிவாக இருந்தது. மறுபடி, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. மூன்றாம் தடவையும் வாசித்தேன். ஒன்றும் விடுபடவில்லை.

சந்தோஷப்பட வேண்டியவன்தான். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் மறுபடி வேலைக்குப் போன நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். எண்ணி முடித்ததும் எழுந்து ஓடினேன்.

டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளி. கதவைத் தட்டிய தட்டில் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டே வந்தார். போனை நீட்டினேன். கண்ணாடியை மாட்டி ஒருமுறை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார்.

"ஒண்ணும் கொறையலையே மந்திரம்."

"அதான் டீச்சர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"பத்து."

அவர் முகத்தில் இருந்த தூக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. "அங்க சட்டை போடாத ஆளு யாரு இருக்கா?"

யோசித்தேன். வேன்காரன் இறக்கிவிட்டதும் திரும்பிவிடுவான். பெண்கள் எல்லாரும் சட்டைக்குள். தங்கப்பழம்... "அவனும் இப்ப சட்டைக்குள்ளதான் டீச்சர்" என்றேன்.

அவர் கையில் இருந்த போன் அப்போது தானாகப் பேசியது. அவருடைய குரலிலேயே, ஜன்னல் பக்கம் நின்று பேசுகிற அதே சாவகாசத்தோடு.

"இன்னும் கண்டுபிடிக்கலையா? எல்லாரும் எழுத்தையே பாக்கீங்க."

மணி ஐந்து ஐம்பத்திரண்டு. டீச்சர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். செருப்புப் போடவில்லை. நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்புவதற்கு முன் அவர் ஒருமுறை தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார்.